அப்பாவிடம் கேட்ட கேள்விகள்

இந்த ஊரில் கிழவர்கள் தனியாகப் பஸ் ஏறி வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது டாக்டர்" என்கிறார்கள். பல்வலியைச் சொல்வதுபோல்தான். வட இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பெரியவர் இப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்? வீட்டில்தான் சொல்ல விடுவார்களா?

என் பிழைப்பே இந்த ஞாபகம்தான். முதுமையில் மூளை ஏன் தளர்கிறது, மறதி நோயை வராமல் தடுக்க முடியுமா என்று பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆராய்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டுகிற வேலை என்னுடையது. எல்லா ஊரிலும் ஒரே கேள்விகளை ஒரே விதமாகக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. இதற்காக டெலக்ஸ் அடித்தும் போனில் சண்டை போட்டும் என் பகல்கள் போகின்றன. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால், தினமும் நடந்தால், நாலு பேரோடு பழகினால் நோய் தள்ளிப்போகுமா? தெரியாது. கூட்டத்துக்குக் கூட்டம் 'நம்பிக்கை தருகிறது' என்று எழுதிவிட்டுக் கலைகிறோம்.

உத்தமபாளையத்துக்கு ட்ரங்க் கால் போட்டால் அப்பா சரியாகத்தான் பேசினார். ஆனால் அவருடைய ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அண்ணன் குரல் மெல்லக் கேட்டது. அப்பாவுக்கும் அது வந்துவிட்டதுபோல் இருக்கிறது என்று கூட வேலை பார்க்கும் மார்கரெட்டிடம் சொன்னேன்.

"அவர் யாரோடு இருக்கிறார்?" என்று கேட்டாள்.

"எல்லோரோடும்."

"அப்படியென்றால் கொடுத்துவைத்தவர்" என்று தேநீரை நீட்டினாள். எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று நான் புலம்பியதை அவள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டாள்.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும், இன்னும் கொஞ்ச காலமாவது அப்பாவை அப்பாவாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அவர் மாட்டுத் தரகர். தேனிச் சந்தையில் அவர் நடுவில் நிற்காமல் நல்ல ஜோடி கைமாறாது. நான் போனபோது அவருக்குத் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நான் என் கேள்விகளை ஆரம்பித்தேன்.

"அப்பா, இன்னைக்கு என்ன கெழம?"

"சனிக்கெழம மாமா" என்றார் மதினி அடுப்படியிலிருந்து.

"சனிக்கெழம" என்றார் அப்பா, நிமிர்ந்து உட்கார்ந்து.

"மதினி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். அண்ணன் முகம் மாறிற்று.

"பெரிய மனுசன வாத்தியாரு மாதிரி கேள்வி கேக்குறயே, இதுக்கு மருந்து இருக்கா?"

"இல்லண்ணே."

"பெறகு எதுக்குடா மதுரைக்கு இழுக்கணும்? புத்தி கலங்கிருச்சுன்னு ஊரே பேசணுமா? இங்கன அவுகளத் தோக்க விடமாட்டோம்."

எனக்குக் கோபம் வந்தது. பாசம்தான், அந்தப் பாசமே நோயை மூடி வைத்திருந்தது. ஆனால் திறந்து பார்த்து நான் என்ன செய்திருப்பேன்? அத்தனை ஊர் ஆஸ்பத்திரிகளைக் கூட்டிக் கட்டியவன் கையில் அப்பாவுக்குக் கொடுக்க ஒரு மாத்திரை கிடையாது. என் படிப்பு, வேலை எல்லாமே வீண் என்று அன்றைக்குத் தோன்றிற்று. இன்றும் அந்த எண்ணம் போகவில்லை.

மதுரைப் பேச்சை விட்டுவிட்டுக் கிளம்புகிற அன்று காலை தொழுவத்தில் அப்பாவின் எதிரே போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அதற்குள் என் விரல்களைப் பிடித்தார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். எந்த விரலைப் பிடிக்கிறார்களோ அதில் இருக்கிறது விலை, சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. அவர் பிடியில் தடுமாற்றமே இல்லை. அழுத்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கு அந்தப் பேச்சு தெரியாது. ஏதோ ஒரு விரலை அழுத்தினேன். அவர் மரியாதையாகச் சிரித்துக் கையை உருவிக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"வெளியூர் யாவாரி போல. வெல தெரியாமப் பேசுறாக. காப்பித்தண்ணி குடுத்து அனுப்பு."

அப்பா என்னை அதுவரை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொடுத்த அண்ணன் அப்போது மட்டும் நான் யாரென்று எடுத்துக்கொடுக்காமல் காப்பித்தண்ணி எடுக்க உள்ளே போனார். துண்டு இன்னும் என் கைமேல் கிடந்தது. அதற்குள் என் விரல்கள் மட்டும் இருந்தன.