தொட்டி மாற்றிய சனிக்கிழமை

அந்தச் சின்னக் கண்ணாடித் தொட்டியைப் பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். இரண்டடி நீளம். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியது. பழைய போர்வையில் சுற்றி, சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பங்காருபேட்டையில் கூட்டம் இறங்கும்போது யாருடைய முழங்கையும் பட்டுவிடாமல் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். வீட்டில் போர்வையைப் பிரித்ததும் அண்ணி அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா தம்பி இது, கொறமாசக் கொயந்தைய வெக்கிற பொட்டி மாதிரி கீது" என்றார். தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், சுரங்கத்தை மூடும் வரைக்கும் இருபது வருஷம் ஆயாவாக இருந்தவர் அவர். கண்ணாடிப் பெட்டி என்றால் அவருக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அப்போது அண்ணன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுரங்கத்தில் சேர்ந்த தூசு நுரையீரலில் தங்கி, கடைசி மூன்று வருஷம் முன்னறைக் கட்டிலிலேயே கிடந்தார். அவர் போன பிறகு கட்டிலை எடுத்துவிட்டோம். ஆனால் அண்ணி தினமும் வேலை முடிந்ததும் அந்தக் காலி இடத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில், நானும் என் மனைவியும் மகளும் பக்கத்து வீட்டில் இருந்தோம். நடுச்சுவரில் ஒரு வழி திறந்து இரண்டு வீட்டையும் ஒன்றாக்கி ரொம்ப நாளாகிவிட்டது. அந்த வெற்றுச் சுவரை அவர் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பெங்களூரில் ஒரு மீன் தொட்டிக் கடையில் இருக்கிறேன். அலுவலகங்களிலும் பெரிய வீடுகளிலும் கடல் மீன் தொட்டிகளை அமைத்துக் கொடுப்பதும், வாரம் ஒருமுறை போய்ச் சுத்தம் செய்வதும் என் பிழைப்பு. அதனால் கட்டில் இருந்த இடத்தில், புத்தர் படத்துக்குக் கீழே, ஒரு சின்னக் கடலை வைத்தேன்.

கேன் தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்தபோது அண்ணி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சலைன் பாட்டில் தண்ணிதான் இது" என்று தீர்ப்புச் சொன்னார். மணல் போட்டு, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறைகளை அடுக்கி, தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதம் வெறுமனே ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் உயிர்களைக் கொண்டுவந்தேன். சட்டைப் பொத்தான்களை வரிசையாகத் தைத்தது போன்ற பச்சைப் பவளம் ஒரு கொத்து, காளானைப் போல விரியும் பவளம் நான்கு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கிளௌன் மீன் ஒரு ஜோடி, சிவப்பு முதுகும் வெள்ளை மீசையுமாக ஒரு இறால். அந்த ஜோடியில் பெண்தான் பெரியது. ஆண் மீனை அது விரட்டி விரட்டி வேலை வாங்குவதைப் பார்த்து, வார்டில் எல்லோரையும் அதட்டிய ஒரு நர்சம்மாவை நினைத்துக்கொண்டு, அண்ணி அதற்கு 'சிஸ்டர்' என்று பெயர் வைத்தார். சின்னது 'கம்பவுண்டர்'. மீன்களின் உடம்பில் ஒட்டியிருப்பதைக் கொத்திச் சுத்தம் செய்யும் இறாலுக்கு, ஆஸ்பத்திரியில் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுகிறவரை நினைத்து, 'டிரெஸ்ஸர்'.

நான் பேச்சுக்குச் சொல்லிவைத்ததை அவர் வார்டு ஒழுங்கோடு செய்தார். காற்றில் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கும், அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் கண்ணாடியில் பிளாஸ்திரி ஒட்டி, தினம் காலையில் அந்தக் கோடு வரைக்கும் ஊற்றினார். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் முழங்கை வரை சோப்புப் போட்டு, மூன்று முறை அலசி, ஈரம் சொட்டக் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி வருவார். பிரசவத்துக்குப் போகும் நர்சுகள் அப்படித்தான் வருவார்களாம். கை உள்ளே போனதும் டிரெஸ்ஸர் பாறையிலிருந்து இறங்கி வந்து அவர் விரல்மேல் ஏறி நகக்கண்ணைக் கொத்தும். கூச்சத்தில் அண்ணி சிரிப்பார். அண்ணன் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் முதலில் கேட்டது அங்கேதான். நான்கு வருஷத்தில் ஒரு உயிர் சாகவில்லை. கடையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நானே என் வாடிக்கையாளர்கள் தொட்டிகளை அப்படி வைத்திருந்ததில்லை.

நான்காம் வருஷக் கடைசியில் ஒரு அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. அவர்களுடைய நாலரை அடித் தொட்டி, அடியில் வைக்கும் மர அலமாரியோடு, யாருக்கும் வேண்டாமல் நின்றது. கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதே நேரத்தில் மகளைப் பெண் பார்க்கப் பங்காருபேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் வேலை செய்கிறவர். லைன் வீட்டின் தாழ்ந்த கூரையும் பொரிந்த சுவரும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி நாலரை அடிக்கு ஒரு கடல் வெளிச்சத்தோடு நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை தொட்டி ஒரு டெம்போவில் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவர்கள் வருகிறார்கள்.

"இன்னாத்துக்கு தம்பி இவ்ளோ அவசரம்? அதுங்க இங்கியே நல்லாத்தான கீதுங்க" என்றார் அண்ணி.

"பெரிய எடம்னா அதுங்களுக்கும் நல்லது அண்ணி. நீங்களே பாருங்க."

"மின்ன ஒரு மாசம் வெறுந்தண்ணி வுட்டியே?"

"அது புதுசா வெக்கும்போது. இது மாத்தறதுதான? பழைய தண்ணி, பழைய கல்லு, பழைய மணலு. ஒண்ணியும் ஆவாது."

இதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும். ஒரே நாளில் தொட்டி மாற்றுவது முடியாத காரியமல்ல; பழைய மணலைத் தொடாமல் இருந்தால் முடியும். நான்கு வருஷம் அசையாமல் கிடந்த மணலில் மேல் விரற்கடைதான் உயிரோடு இருக்கும். அதற்குக் கீழே காற்றுப் படாமல் அழுக்கு கறுத்துத் தேங்கியிருக்கும். கலக்கினால் அதிலிருந்து வருவது நஞ்சு. ஒன்று அதைத் தூக்கிப் போட வேண்டும், அல்லது உப்புத் தண்ணீரில் பல முறை அலச வேண்டும். எத்தனை வாடிக்கையாளர்களிடம் எத்தனை முறை விரலை ஆட்டி ஆட்டி இதைச் சொல்லியிருக்கிறேன்! புது மணல் மூட்டை கடையில் இருந்தது. திங்கட்கிழமை போனால்தான் கொண்டுவர முடியும். மணலே இல்லாத வெறும் அடிக்கண்ணாடியோடு தொட்டி மொட்டையாக இருக்குமே என்று தோன்றியது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மொட்டைத் தொட்டியா?

சனிக்கிழமை மத்தியானம் மீன்களையும் இறாலையும் ஒரு பக்கெட்டிலும் பவளங்களை இன்னொன்றிலும் விட்டு, காற்றுக் குழாய் போட்டேன். அண்ணி பக்கெட்டுகளுக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மனைவியும் மகளும் பழைய தண்ணீரையும், போதாததற்குப் புதிதாக உப்புக் கரைத்ததையும் மொண்டு மொண்டு கொடுத்தார்கள். கடைசியில் மணலை முறத்தால் வாரி அப்படியே புதுத் தொட்டியில் கொட்டினேன். அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, இன்னாப்பா இந்த நாத்தம்?" என்று கேட்டாள். கடல் என்றால் அப்படித்தான் என்று சொன்னேன். தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கியது. விளக்கு வைப்பதற்குள் தெளிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நாலு மணிக்கெல்லாம் எல்லா உயிர்களையும் உள்ளே விட்டேன். சாயங்காலம் காளான் பவளம் இருந்த கல் ஒன்று சரிந்தது. அண்ணி வழக்கம்போல முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து, கையை விட்டு அதை நிமிர்த்திவைத்தார். டிரெஸ்ஸர் அவர் கைக்கு வரவில்லை. புது இடம், பயந்திருக்கும் என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிஸ்டர் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. கம்பவுண்டர் அதன் பக்கத்திலேயே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்து, நாங்கள் பார்க்கப் பார்க்க நின்றுபோனது. இறால் ஒரு கல்லிடுக்கில் வெளுத்துக் கிடந்தது. பவளங்கள் எல்லாம் சுருங்கி, சளி போல ஒன்று அவற்றின்மேல் படிந்திருந்தது. என் மனைவி, மகள், அண்ணி மூவரும் தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். அண்ணி தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"நேத்து முட்டிக்குத் தைலம் தேச்சேன் தம்பி. சோப்பு போட்டுத்தான் கழுவினேன். இருந்தாலும் ஒட்டிக்கினு இருந்திருக்குமோ? நான் கைய வுட்டதாலதான் இப்டி ஆச்சா?"

அவர் கழுவியதை நான் பார்த்தேன். மூன்று முறை அலசியதையும் பார்த்தேன். அப்படியே ஒரு துளி இருந்திருந்தாலும் அத்தனை தண்ணீரில் அது ஒன்றும் செய்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். மகளும் மனைவியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'இல்லை அண்ணி' என்ற இரண்டு சொற்கள் போதும். நான் தொட்டியைப் பார்த்தபடி, "அப்டித்தான் இருக்கும் அண்ணி. போவட்டும் வுடுங்க" என்றேன். பெருந்தன்மையாக மன்னிப்பவனைப் போல 'வுடுங்க' என்று சேர்த்துச் சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பதினோரு மணிக்கு வந்தவர்கள் அந்தத் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் மகளை அருகில் உட்காரவைத்து, அவள் படிப்பையும் வேலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சம்பந்தம் அன்றைக்கே பேசி முடிந்தது. தொட்டியைக் காலி செய்து காயவிட்டேன். கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களை மனைவி அதில் அடுக்கிவைத்தாள். வேறு மீன் கொண்டுவருகிறேன் என்று அண்ணியிடம் இரண்டு முறை கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பௌர்ணமி தோறும் புத்த விகாரைக்குப் போய் எல்லோரோடும் சேர்ந்து பஞ்சசீலம் சொல்வேன். பொய் சொல்லமாட்டேன் என்னும் நாலாவது சீலம் வரும்போது என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அண்ணி பெண்கள் வரிசையில் உட்கார்ந்து அதைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டு வருஷம் கழித்து மகள் பிரசவத்துக்கு வந்தாள். பேரன் பிறந்தான். எங்கள் லைனில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் அண்ணியின் கால்களில் கிடந்து முதல் குளியல் குளித்தவர்கள். சுரங்க ஆஸ்பத்திரி வேலை போன பிறகும் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக் குழந்தையை அவர்தான் குளிப்பாட்டுவார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. மனைவி வெந்நீர் வைத்துவிட்டுக் கூப்பிட்டபோது, அண்ணி முட்டி வலி என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் மகள் குழந்தையை எடுத்துக்கொண்டு அவரிடமே போனாள். நான் ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். நடுச்சுவர் வழியாக அவர் குரல் கேட்டது.

"என் கை வேணாம்மா. அந்த மீனுங்களே தாங்கல. பச்சப் புள்ள இது."

நான் அன்றைக்கு வேலைக்குப் போனேன். அதையும் சொல்ல வேண்டும். பெங்களூர் வரைக்கும் நின்றுகொண்டே போய், மூன்று தொட்டிகளைச் சுத்தம் செய்துவிட்டு, சாயங்காலம்தான் அண்ணி முன்னால் போய் உட்கார்ந்தேன். மணலைப் பற்றி, அந்த நாற்றத்தைப் பற்றி, திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க மனமில்லாமல் போனதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"சனிக்கெயமயே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அண்ணி."

"நான் கைய காட்டிக் கேட்டப்பவும்?"

"தெரியும்."

அவர் கையிலிருந்த கீரைத் தண்டைத் தட்டில் போட்டார். "ரெண்டு வருசம் தம்பி. சோத்துல கை வெக்கறதுக்கு மின்னாலகூட மோந்து மோந்து பாத்துக்கினு இருந்தேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து, "அன்னிக்கி அவங்க எதுருலதான சொன்ன? இப்பவும் அவங்க எதுருல சொல்லு" என்றார். மனைவியையும் மகளையும் கூப்பிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "பெரிம்மா கிட்ட இத்தினி நாளு எப்டிப்பா மூஞ்சி குடுத்துப் பேசின?" என்றாள்.

மறுநாள் காலையில் அண்ணி தானாகவே பின்பக்கம் வந்து பலகை போட்டு உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கி, கால்களை நீட்டிக்கொண்டார். பேரன் முதலில் வீரிட்டான். பிறகு அந்தக் கைகளுக்குள் அடங்கி, வாயைக் கோணிக்கொண்டு தூங்கத் தொடங்கினான். மூன்று மாதமாக இது நடக்கிறது. அண்ணி என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார், ரயில் தாமதமா என்று விசாரிக்கிறார். தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். விடுமுறை நாட்களில் வெந்நீர் கொண்டுபோய் வைப்பது என் வேலை. சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, பதமாக இருக்கிறது அண்ணி என்று சொல்லிவைப்பேன். என் மனைவி கொண்டுவரும் நாட்களில் அப்படியே மொண்டு ஊற்றுவார். நான் கொண்டுவரும் நாட்களில், நான் சொன்னது காதில் விழாதவரைப் போல, முழங்கையை மடக்கித் தண்ணீருக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் குழந்தைக்குக் கையை நீட்டுகிறார். அதுவரைக்கும் நான் அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.