தம்பியின் பந்துக்கு முன்னால்

சவூதியின் ஜுபைலில் எங்கள் குடியிருப்புக் காம்பவுண்டில் அமெரிக்கப் பிள்ளைகளின் பேஸ்பால் குழு ஒன்று இருந்தது. என் தம்பி பள்ளியில் கிரிக்கெட், கூடைப்பந்து, ஈட்டி எறிதல் மூன்றிலும் இருந்தான். அவன் கைவீச்சைப் பார்த்து, அப்பாவோடு வேலை செய்த அமெரிக்கர் ஒருவர் குழுவில் சேர்த்துக்கொண்டார். அவர்தான் கோச். சீக்கிரமே தம்பி அவர்களுடைய பிட்சர் ஆனான். பந்து எறிவது அவன் வேலை.

ஓர் ஆட்டத்தில் அவன் பந்து பட்டு எதிரணிப் பையனின் தாடை உடைந்தது. தம்பி கிரிக்கெட் வழக்கப்படி கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டான். அங்கே யாருக்கும் அது புரியவில்லை. கிரிக்கெட்டில் தரையில் குத்தாமல் தலைக்கு வரும் பந்து அவமானம். பேஸ்பாலில் எல்லாப் பந்தும் குத்தாமல்தான் வரும். அடிப்பவனின் உடம்பை ஒட்டி எறிய பிட்சருக்குத் தெரிந்தாக வேண்டும். அன்றிலிருந்து அவன் பந்துகள் வெளியே வெளியே போயின.

"அமெரிக்கா போற டீமுக்கு வெள்ளிக்கிழமை ஆள் எடுக்கறாங்கக்கா. இப்படியே போட்டா கலாஸ், அவ்வளவுதான்னு கோச் சொல்லிட்டார். எதிர்ல ஆள் நின்னாதான் கை நடுங்குது."

"நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்தோம். பயம் வந்தால் நான் மனதுக்குள் பட்டியல் போடுவேன். பொறியியல் படிப்பதற்கு முன்பே இருந்த பழக்கம். தலைக்கு அப்பாவின் பிளாண்ட் ஹெல்மெட். கண்ணுக்கு அவருடைய பாதுகாப்புக் கண்ணாடி. வயிற்றுக்குத் துப்பட்டாவால் கட்டிய தலையணை. தாடைக்கு ஒன்றுமில்லை.

"சிமெண்ட் மூட்டை மாதிரி இருக்கக்கா."

"அம்மா ஜன்னலைத் திறக்கறதுக்குள்ள போடுடா."

பந்துகள் எனக்கு எட்டாத தூரத்தில் போய் மெத்தையில் விழுந்தன. அவன் கையைக் கீழே விட்டான்.

"நீ கண்ணை மூடுற. அதான் எனக்குப் பயமா இருக்கு."

மூடியது எனக்கே தெரியவில்லை. திறந்து அவனையே பார்த்தேன். அவன் கால் உயர்ந்தது. பந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. தாடையருகே காற்று உரசியது. பின்னால் மெத்தை அதிர்ந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். தம்பி கையைத் தூக்கவில்லை.

"இன்னொண்ணு?" என்றான்.

வெள்ளிக்கிழமை அவனை எடுத்துக்கொண்டார்கள். அந்த வழியாகவே அமெரிக்கக் கல்லூரிக்குப் போனான். இப்போது அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து எறிகிறான். நான் கம்ப்யூட்டரில் பார்க்கிறேன். எதிரில் ஒருவன் மட்டையோடு வந்து நின்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வேன்.

ஆட்டம் முடிந்து போன் வரும். "பார்த்தியாக்கா? கண்ணை மூடாமதானே?"

மூடுவதில்லை. கை மட்டும் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.