ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள்

அப்பா சுரங்கத்துக்குள் கட்டை நிறுத்துகிறவர். பாறை இறங்காமல் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஒன்று போதும் என்கிற இடத்தில் இரண்டு நிறுத்துவார். வீட்டுக் கதவுக்கும் இரண்டு தாழ்ப்பாள். அந்தப் புத்தியோடு நான் கம்ப்யூட்டர் படிக்கப் போனதுதான் தப்பு.

எழுபதுகளின் கடைசியில், சுரங்க ஆபீஸ் தொழிலாளர் பிள்ளைகளான எங்களில் சிலரைப் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. ஒரு வாரக் கெடுவுக்குள் புரோகிராம் சரியாக ஓடினால் ஆபீஸில் வேலை. அப்பா ஓய்வு பெற மூன்று மாதம்தான் இருந்தது. அதற்குள் எனக்கு வேலை கிடைக்காவிட்டால் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கொடுத்த கணக்கு சாதாரணம். ஏ ஷிஃப்டில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். ஒவ்வொருவர் கார்டிலும் ஷிஃப்டுக்கு ஒரே ஓர் எழுத்து. அது ஏ-வா என்று கேட்டால் போதும். கேட்கிற எழுத்தை மேற்கோளுக்குள் போட வேண்டும். ஒற்றை மேற்கோளும் இருந்தது, இரட்டையும் இருந்தது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இரட்டையாகவே போட்டேன்.

விடை பூஜ்யம். புரோகிராமைத் துளையிட்ட கார்டுகளைக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருந்தால்தான் விடை வரும். மறுநாளும் பூஜ்யம். ஏ ஷிஃப்டில் ஒருத்தர்கூட இல்லையாம்! எங்கப்பாவே ஏ ஷிஃப்ட்தான். தப்பு என்றாவது சொல்லித் தொலைத்ததா அந்த மிஷின்? எங்கள் சுரங்க ஊரான கோரமண்டலிலிருந்து தினம் பெங்களூருக்கு ரயிலில் இடிபட்டுப் போய் ஒரு பூஜ்யத்தை வாங்கி வந்தேன்.

நான்காம் நாள் ஆத்திரத்தில் இரண்டு விதமாகவும் ஏ-வைப் போட்டு, மிஷின் அதை உள்ளே எந்த எண்ணாக வைத்திருக்கிறது என்று அச்சடிக்கச் சொன்னேன். வேறு வேறு எண்கள் வந்தன. ஒற்றைக்குள் இருப்பது எழுத்து. இரட்டைக்குள் போட்டால், ஒரே எழுத்தானாலும் அது பொட்டலம். மிஷின் கையில் எடுப்பது பொட்டலம் இருக்கிற இடத்தின் விலாசத்தை. எழுத்தும் விலாசமும் எந்த ஜென்மத்தில் ஒன்றாகும்? இதை முதல் நாளே சொல்வதற்கென்ன கேடு!

ஒற்றையாக மாற்றிக் கொடுத்தேன். கெடுவின் கடைசி நாளில் சரியான எண் வந்தது. வேலை உறுதி என்றார் பயிற்சி தந்தவர்.

சாயங்காலம் அப்பா ஸ்டேஷனில் நின்றிருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"வேலை கெடைச்சிட்ச்சு. ஒத்தையா போடணுமாம்பா! ரெட்டையா போட்டு இத்தினி நாளு உயிர் போச்சு. நீ கட்டை நிறுத்தற மாதிரியே..." என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். எனக்கு வேலை கிடைக்காவிட்டால், ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று மறுநாள் ஆபீஸுக்குத் தரவேண்டிய தாள்.

"அப்ப இத்த நாளைக்கு குடுக்க வேணாமா?"

கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. பிடுங்கி அங்கேயே கிழித்துப் போட்டேன்.