அற்பமான தீர்வு

1. வயல்

லீனியர் அல்ஜீப்ரா பாடத்தின் முதல் ஃபைலைத் திறந்ததுமே இப்படி ஒரு வாக்கியம் வந்து நின்றது: “இந்தத் திசையன் வெளி ஒரு வயலின் மேல் அமைந்துள்ளது.” அந்த வயலுக்குள் ஒரு பூஜ்ஜியம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அடுத்த வரி சொன்னது. ஆபீஸே சிரித்தது. நெல் வயலா, கரும்பு வயலா என்று யாரோ கேட்டார்கள்.

தேனாம்பேட்டையில் இருக்கும் எங்கள் கம்பெனி, கல்லூரிப் பாட வீடியோக்களுக்குத் தமிழ் கேப்ஷன் போட்டுக் கொடுக்கிறது. பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசுவார், மெஷின் தமிழாக்கும், நான் திருத்துவேன். படித்தது பி.ஏ. தமிழ். அதற்கு முன் பல வருடம் பதிப்பகத்தில் புரூஃப் பார்த்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களை உற்சாகப்படுத்தும் எண்ணம் எதுவும் எனக்கில்லை.

பேராசிரியர் சொன்ன ‘ஃபீல்ட்’டைத்தான் மெஷின் வயலாக்கியிருந்தது. அதைக் களம் என்று மாற்றினேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. களம் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். மேனேஜர் பிரகாஷிடம் போய், பாடம் புரியாமல் எப்படித் திருத்துவது என்று கேட்டேன்.

“மேடம், சென்டென்ஸ் ஒழுங்கா நிக்குதான்னு மட்டும் பாருங்க. மேத்ஸ் நமக்கெதுக்கு?” என்றார்.

2. கடைசி பெஞ்ச்

எனக்கு மனசு கேட்கவில்லை. மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் தொலைதூரக் கல்வி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இதே பாடம் நடந்தது. பேராசிரியையிடம் அனுமதி கேட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். முதல் சில வாரங்கள் நரகம். போர்டு முழுக்க எண்கள், எண்களைச் சுற்றி அடைப்புக்குறிகள். நிரை எது, நிரல் எது என்றே தடுமாறினேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வரும்.

பக்கத்தில் தயாளன். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேல்ஸ்மேன், முப்பதைத் தாண்டியவர். மற்ற பேப்பர் எல்லாம் முடித்துவிட்டார், இது ஒன்றுதான் அரியர். பதிவுக் காலம் முடியப் போவதால் இதுதான் கடைசி வாய்ப்பு. இதில் போனால் டிகிரி கிடையாது. டிகிரி இல்லாமல் அவர் குறிவைத்திருந்த அரசுத் தேர்வும் எழுத முடியாது.

“நாள் பூரா நின்னுக்கினு புடவையைப் பிரிச்சுப் போட்டு முட்டியே போயிடுச்சுக்கா. உக்காந்து செய்ற மாதிரி ஒரு வேலை கெடைச்சா போதும்” என்பார்.

ஆடித் தள்ளுபடி வந்தது. ஜவுளிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் யார் தருவார்கள்? அவர் வராத அந்த வாரங்களில்தான் பாடத்தின் உயிரான பகுதி நடந்தது. வெக்டர் எனப்படும் திசையன்கள் சில ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றனவா, இல்லையா என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். விடை எல்லாமே பூஜ்ஜியமாக மட்டும்தான் வருகிறது என்றால் அவை சாராதவை. பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எதுவும் வராததுதான் நிரூபணம். இந்தப் பூஜ்ஜிய விடைக்கு ஆங்கிலத்தில் ட்ரிவியல் சொல்யூஷன் என்று பெயர்.

“ட்ரிவியல்னா மட்டமானதுன்னு நெனச்சுக்காதீங்கோ. பாத்த உடனே தெரியறதுன்னு அர்த்தம்” என்றார் பேராசிரியை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஃபைலில் மெஷின் அதை ‘அற்பமான தீர்வு’ என்று போட்டிருந்தது. நல்ல தமிழாக இருந்ததால் நானும் தாண்டிப் போயிருந்தேன். பாடப்புத்தகத்தில் அது வெளிப்படைத் தீர்வு. மறுநாளே எல்லா இடத்திலும் மாற்றி ஃபைலைக் கொடுத்தேன்.

“வீடியோ லைவ் போயாச்சு மேடம். திரும்ப ஏத்தினா க்ளையன்ட் ஏன்னு கேப்பான். ஒரு வார்த்தைதானே?” என்றார் பிரகாஷ். அதற்குப் பிறகு இரண்டு முறை மெயில் அனுப்பினேன். பதிலே இல்லை.

3. தேர்வு

தேர்வு அடையாறில். என் வீடு ராஜா அண்ணாமலைபுரம் என்பதால், முடியும் நேரத்துக்கு நடந்தே போய் வாசலில் நின்றேன். கடைசியாகத்தான் தயாளன் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

மூன்று திசையன்களைக் கொடுத்து, அவை சார்ந்தவையா சாராதவையா என்று கேட்டிருந்தார்களாம். முதலில் போட்டபோது எல்லாம் பூஜ்ஜியமாக வந்ததாம்.

“வகுப்புக்குதான் வர முடில. போன்ல வீடியோ பாத்துதான் படிச்சேங்கா. அதுல அற்பமான தீர்வுன்னு போட்டுக்கீது. அற்பத்தைப் போய் யாராவது பேப்பர்ல எழுதுவாங்களா? அடிச்சிட்டு திரும்பப் போட்டேன். திரும்பவும் ஜீரோ. போட்டுக்கினே இருந்தேன். கடசியா ஒரு மைனஸை ப்ளஸ்ஸா மாத்தினேன், ஏதோ நம்பர் வந்துச்சு. சார்ந்தவைன்னு எழுதிட்டேன்.”

அந்த ஒரு கணக்கே பாதி நேரத்தைத் தின்றுவிட்டது. பின்னால் இருந்த பெரிய கேள்விகளை அவர் தொடவே இல்லை.

எங்கள் வீடியோவைத்தான் அவர் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது எங்கள் ஆபீஸ் வீடியோ என்று சொன்னேன். அந்தச் சொல் தப்பு, நான் திருத்திக் கொடுத்தும் ஏற்றவில்லை என்றும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வேறொன்றுதான் கேட்டார்.

“அப்போ மொத தபா வந்ததே கரெக்டாக்கா?”

ஆமாம் என்றேன்.

அவர் பாஸாகவில்லை. இன்றும் அதே கடையில் நிற்கிறார். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிரிப்பு வரவழைக்கும் தப்பால் ஆபத்தில்லை. வயலை எவரும் நம்ப மாட்டார்கள், யாராவது பிடித்துவிடுவார்கள். ஒழுங்கான தமிழில் வந்து உட்காரும் தப்புக்குத்தான் பயப்பட வேண்டும், அதை நம்பித்தான் ஒருவர் பரீட்சை எழுதுகிறார். நீங்கள் அதைக் கண்டுபிடித்தாலும் திருத்த விடுவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த வீடியோ இன்னும் அப்படியேதான் ஓடுகிறது. தமிழில் கொடுத்ததற்கு நன்றி என்று கீழே நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள்.