ஒன்பதாவது பாட்டுக்கு முன்னால்

ஸ்டுடியோவில் அவள் வலது கை சத்தக் குமிழை மயிரிழை திருகியது; திருப்தியில்லாமல் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒரே படத்துக்குப் பன்னிரண்டு குழுக்கள் தந்த பன்னிரண்டு பாட்டு. சில ஆல்டர்நேட்டிவ் ராக். சில, கிட்டாரும் கணினி இரைச்சலும் கட்டிப் புரளும் எலெக்ட்ரானிக் ராக். வெவ்வேறு அறைகளில் பதிவானவற்றை ஒரே இசைத்தட்டில் சண்டையில்லாமல் உட்காரவைப்பது அவள் வேலை.

தொலைபேசி எடுக்க அந்த ஸ்டுடியோவில் சேர்ந்தவள். மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, எந்தப் பாட்டு முந்துகிறது, எது பம்முகிறது என்று கேட்டுக் கேட்டே பழகினாள். பதினோரு வருடத்தில் கதவுக்கு உள்ளே வந்துவிட்டாள். இப்போது எல்லோருக்கும் அவள் காதக்கா. பன்னிரண்டு குழுவும் தனித்தனியே போன் செய்து, தங்கள் பாட்டை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடும்படி ரகசியமாகக் கேட்டிருந்தன. பன்னிரண்டு பேருக்கும் சரி என்றிருந்தாள்.

தகராறு ஒன்பதாவதில். ஒரு கிட்டார், இரண்டு குரல். பாடிய அக்காள் தங்கைக்கு இதுதான் முதல் பதிவு. எட்டாவதோ ஆலைச் சங்காய் அலறி முடிவது. அதன் பின்னால் இவர்கள் பாடுவது பாட்டாகவே தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் தங்கையின் மூச்சு புயலாகக் கேட்டது. நாளை மதியத்துக்குள் எடுபடாவிட்டால் அதை நீக்கிவிடலாம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

கடைசிப் பரீட்சை எப்போதும் வீட்டில்தான். பாட்டை ஓடவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். கூடத்தில் அத்தை, கணவனின் அம்மா, துணி மடித்துக்கொண்டிருப்பார். அவர் எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ அந்தப் பாட்டில் கோளாறு. இவற்றைப் பாத்திரக்கடைச் சண்டை என்று ஏசியபடியே எட்டுப் பாட்டுவரை அத்தை அசையவில்லை. ஒன்பதாவதற்கு எழுந்தார்.

“ஏம்மா, இதுங்க பாடுதுங்களா, ரகசியம் பேசுதுங்களா?”

அவள் அடுப்பை அணைத்தாள். காது இன்னும் எட்டாவது பாட்டிலேயே நிற்கும்போது ஒன்பதாவது எப்படி உள்ளே நுழையும்? கூடத்து மூலையில் இருந்த கணினியில், இரண்டு பாட்டுக்கும் இடையிலிருந்த இரண்டு நொடி மௌனத்தை ஏழாக்கினாள். பாட்டைத் தொடவில்லை.

மறுபடி எட்டாவது அலறி ஓய்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நின்றுபோச்சு போல என்று முணுமுணுத்தபடி அத்தை எழுந்தார். கை குமிழைத் தொட்டபோது கிட்டார் தொடங்கியது. பாட்டு முடியும்வரை அவர் திருகவும் இல்லை, உட்காரவும் இல்லை. அந்தப் பெண்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று மட்டும் விசாரித்தார்.

மறுநாள் ஸ்டுடியோவில், அந்த ஏழு நொடியில் தயாரிப்பாளர் மேசைக்கடியில் குனிந்து ப்ளக்கைத் தேடினார். கிட்டார் கேட்டதும் குனிந்தவர் அப்படியே இருந்தார். முழுப் பாட்டும் முடிந்த பிறகுதான் தலை மேலே வந்தது.

“இருக்கட்டும்க்கா. எவ்வளவு தூக்கினீங்க?”

“தூக்கவே இல்ல சார். உங்களைக் கொஞ்சம் காக்க வெச்சேன், அவ்வளவுதான்.”

உறைமேல் ‘ஒன்பதுக்கு முன் ஏழு நொடி, யாரும் வெட்டக் கூடாது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, தட்டை அவர் கையில் கொடுத்தாள்.