கைக்குக் கட்டமில்லாத படிவம்

இங்கிலாந்துக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கைகளிலும் ஆயுதம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் வேலை செய்யும் அலுவலகத்துக் கன்டீனில் அவித்த உருளைக்கிழங்குக்குக்கூட கத்தியும் முள்ளுக்கரண்டியும் வேண்டும். என் இடக்கை இயங்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்தில் இருப்பவள் என் கிழங்கை வெட்டித் தருவதற்கு முன் மூன்று முறை மன்னிப்புக் கேட்பாள். இலங்கையில், புத்தளத்தை ஒட்டிய எங்கள் தில்லையடியில் இப்படியொரு சங்கடமே வந்திராது. அங்கே சோற்றைப் பிசைய ஒரு கை போதும். மற்றது ஊர் முழுக்க எல்லோருக்கும் மடியில் சும்மாதான் கிடக்கும்.

என் கை போனது சைக்கிளில். ஊரில் பெண்பிள்ளைக்குச் சைக்கிள் கூடாது என்று வளர்ந்தவள், முப்பத்தைந்து வயதில் லெஸ்டர் நகரத்துப் பூங்கா ஒன்றில் ஆசைப்பட்டு ஏறினேன். மூன்றாம் நாள் தோள் அடிபட விழுந்தேன். நரம்பு அறுந்துவிட்டது, இனி வராது என்றார்கள். இதை நான் புத்தளத்துக்கு, உம்மாவுக்கோ மூத்தவள் ராத்தாவுக்கோ, சொல்லவில்லை. இரண்டு வருடமாக வீடியோ அழைப்புகளில் இடப்பக்கம் சால்வையைப் போர்த்தி, குளிர் என்று சமாளித்தேன். ஆனிமாதத்திலும் குளிர் என்றேன். பிறகு ராத்தாவின் மூத்த மகளுக்கு நிக்காஹ் குறித்தார்கள். சால்வைக்குள் ஒளிந்துகொண்டு கல்யாண வீட்டில் நிற்க முடியாது. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் கணவருக்கும் வர முடியவில்லை. நான் முதல் தடவையாகத் தனியாகப் பறக்க வேண்டியிருந்தது.

டிக்கெட் பதிந்தவர் கணவர்தான். உதவி தேவையா என்று கேட்ட பக்கத்தில் கண் தெரியாதவருக்கு ஒரு கட்டம் இருந்தது, காது கேளாதவருக்கு ஒன்று, நடக்க முடியாதவருக்கு மூன்று வகையாக மூன்று. கைக்கு ஒன்றும் இல்லை. அவர் யோசித்துவிட்டு, உடம்பில் கைக்குக் கிட்ட இருப்பது கால்தானே என்று நடக்க முடியாதவர் கட்டத்தில் புள்ளடி போட்டார். என்னிடம் கேட்கவில்லை.

அதனால் விமான நிலையத்துக்குள் வேகமாக நடந்து போன என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்கு நடக்க முடியும் என்று சொன்னேன். தள்ள வந்த மனிதர் அன்பாகச் சிரித்து, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். உட்கார்ந்த கணத்திலிருந்து யாரும் என்னோடு பேசவில்லை, அவரோடுதான் பேசினார்கள். இவர் தண்ணீர் குடிப்பாரா, இவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று என் தலைக்கு மேலால் கேள்விகள் போயின. பன்னிரண்டு வருடமாக ஆங்கிலத்தில் மற்றவர்களின் முறைப்பாடுகளைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் நீண்ட வரிசையைத் தாண்டி எங்களை முன்னால் விட்டபோது நான் மறுப்புச் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

சோதனை இயந்திரத்துக்கு மட்டும் எழுப்பி விட்டார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார் அதிகாரி. வலக்கையால் இடக்கையைப் பிடித்துத் தூக்கி, விட்டேன். அது விழுந்தது. இன்னொரு முறை என்றார். இன்னொரு முறையும் விழுந்தது. மேலதிகாரி வந்து கடவுச்சீட்டில் பிறந்த இடம் இலங்கை என்று கண்டதும் முகம் இளகிவிட்டது.

"போரா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை, சைக்கிள்" என்றேன்.

நான் எதையோ மோசடி செய்துவிட்டதுபோல் பார்த்தார். போர் என்றிருந்தால் கும்பிட்டு அனுப்பியிருப்பார். சைக்கிள் என்றதால் கையுறை போட்ட பெண்ணை அழைத்து என் முக்காடு வரை தடவச் சொன்னார்.

போர் எங்களுக்குச் செய்தது வேறு. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரிலிருந்து வெளியேறச் சொல்லிப் புலிகள் அறிவித்தபோது எனக்கு ஏழு வயது. வாப்பா எங்களை வள்ளத்தில் ஏற்றிக் கற்பிட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார். அன்று எனக்கு நல்ல இரண்டு கைகள் இருந்தன, பிடித்துக்கொள்ளத்தான் எதையும் கொண்டுவர விடவில்லை. தில்லையடியில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலிலும் பிறகு கல்வீட்டிலும் வளர்ந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அங்கே எங்களை அகதியாக்கள் என்றுதான் சொல்வார்கள்.

இடையில் ஒரு பாலைவன நாட்டில் விமானம் மாற வேண்டும். அங்கே தள்ளி வந்தவர் பத்து நிமிடம் என்று சொல்லி, என்னை ஒரு சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனார். ஏற்கெனவே ஐந்தாறு நாற்காலிகள் அங்கே வரிசையாக நின்றன. முக்கால் மணித்தியாலம் ஆகியும் யாரும் வரவில்லை. கொழும்பு விமானத்துக்குக் கடைசி அழைப்புக் கேட்டது. அதைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள்தான், நிக்காஹும் மறுநாள்தான்.

பக்கத்து நாற்காலியில் காலில் மாவுக்கட்டோடு ஒரு அம்மா இருந்தார். பெயர் பிலோமினா, ஊர் கற்பிட்டிப் பக்கம். இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் படியில் விழுந்து கால் முறிந்தவர். அவரும் அதே விமானத்துக்குத்தான் காத்திருந்தார். என் கால்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கு நடக்க ஏலும் தானே மகள்?"

"ஓம்."

"அப்ப ஏன் குந்தி இருக்கிறீங்க?"

எழுந்தேன். வரிசையில் இருந்த ஒரு முதியவர் அதிசயம் நடந்ததுபோல் கையை மார்பில் வைத்தார். நான் பிலோமினா அம்மாவின் நாற்காலியை வலக்கையால் தள்ளினேன். ஒரு பக்கத்தால் தள்ளினால் நாற்காலி இடப்பக்கம் திரும்பும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். முதலில் நேராக ஒரு வாசனைத் திரவியக் கடைக்குள் போனோம். பிறகு அவர் நல்ல காலைத் தரையில் தேய்த்துத் திசை திருப்ப, நான் இடுப்பால் மற்றப் பக்கத்தை முட்ட, மாதாவை அவரும் அல்லாஹ்வை நானும் கூப்பிட்டுக்கொண்டு ஓடினோம்.

விமானம் ஏறும் வாசலில் நின்ற பெண் கணினியைப் பார்த்தார். சக்கர நாற்காலிப் பயணிகள் இரண்டு பேர் வர வேண்டும், மற்றவர் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். நீங்கள் தள்ளிக்கொண்டல்லவா வந்தீர்கள் என்றார். மூச்சு வாங்க விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து என்னை உட்கார வைத்து, விமானக் கதவு வரை பத்தடி தூரம் தள்ளினார்கள். கணக்குச் சரியாகிவிட்டது. பிலோமினா அம்மா சிரித்த சிரிப்பில் அவருடைய நாற்காலியும் குலுங்கியது.

தில்லையடியில் கார் நின்றபோது நான் சால்வையை இறுக்கிப் போர்த்தினேன். ராத்தா வந்து அதை விலக்கினாள். என் இடக்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் எனக்கு உணர்ச்சி இல்லை. ஈரத்தைப் பிறகு மற்றக் கையால்தான் தொட்டுப் பார்த்தேன்.

"ஃபோனில ரெண்டு வருசமா ஒரு கைதான் ஆடிச்சு. எங்களுக்குக் கண் இல்லையா?" என்றாள்.

உம்மாவுக்கும் தெரியுமாம். நானாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்று வீட்டில் முடிவெடுத்திருந்தார்களாம். நான் இரண்டு வருடம் அவர்களை ஏமாற்றினேன் என்றால், அவர்கள் என்னை அதைவிட நன்றாக ஏமாற்றியிருந்தார்கள். அப்போது சைக்கிள் கதையையும் சொன்னேன். ராத்தா கண்ணைத் துடைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாப்பிள்ளை வீட்டாக்களிட்ட சைக்கிள் எண்டு சொல்லிராத. பனியில சறுக்கின எண்டு சொல்லு."

கல்யாண வீட்டில் பனி நன்றாக எடுபட்டது. மதுரங்குளியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, பனி எவ்வளவு உயரம் விழும் என்று கேட்டார்கள். அதிகாரிக்குப் போர் வேண்டியிருந்தது, இவர்களுக்குப் பனி. ஜூலை மாதத்து வெயிலில் என்னைக் கீழே போட்ட அந்தச் சைக்கிளை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும் நாளில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இரண்டு வேன் நிறைய வந்தார்கள். வாசலுக்கு அப்பால் அவர்களை விடவில்லை. நான் சில்லுப் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போகும் சரிவில் இறங்கினேன். பின்னால் உம்மா கூப்பிட்டார். திரும்பினேன். எல்லோரும் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் காட்ட வேண்டும், அதற்குப் பெட்டியை விட வேண்டும். விட்டேன். கையைத் தூக்கி, அவர்கள் முகங்கள் ஒவ்வொன்றுக்கும் அசைத்தேன். எனக்குப் பின்னால் சில்லுகளின் சத்தம் கேட்டது. பெட்டி என்னை விட்டுவிட்டு லெஸ்டரை நோக்கித் தனியே உருண்டுகொண்டிருந்தது.