மொத்தத்தையும் தட்டிவிட்ட காலை

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் எல்லாக் கணினிகளுக்கும் என் மேசையிலிருந்தே அப்டேட் அனுப்புவது என் வேலை. அன்று சோதனைக்கு ஐந்தை மட்டும் தேர்ந்தெடுக்காமல் மொத்தத்தையும் தட்டிவிட்டேன். எல்லாம் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. பாதியில் நின்ற வேலையெல்லாம் அழிந்திருக்கும், என் வேலையும் போச்சு என்று சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவுக்கு ஓடினேன். தொப்பை முன்னால் ஓடியது, நான் பின்னால் போனேன்.

பில் போடும் அக்கா நிமிர்ந்தார். "இன்னா சார், இப்படி வேர்த்துகினு கீது?"

"ஏதாவது அழிஞ்சிடுச்சாக்கா?"

"கரண்ட் எப்போ போவும்னே தெரியாத எடம். வரிக்கு ஒருதபா சேவ் பண்ணுவோம். நீ இன்னா சார் அழிக்கப்போற?"

எல்லாப் பிரிவிலும் அதே பழக்கம்தான். திரும்பி வந்தால் என் திரையில் பட்டியல் முழுக்கப் பச்சை, எல்லாக் கணினியிலும் அப்டேட் முடிந்திருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஒரே காலைல மொத்தமுமா? எப்படிய்யா?"

"எல்லாம் பிளான்தான் சார்" என்றேன், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.